சமம் என்றால் சமம்தான்!

2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலக செஸ் பட்டத்துக்காக மோதியது பலருக்கு நினைவிருக்கும். பத்தே ஆட்டங்களில் 6.5 - 3.5 என்று கார்ல்சன் ஜெயித்தார். ஆனந்தின் பட்டம், அவருடைய சொந்த ஊரிலேயே கைமாறியது. ஆனால் ஆனந்துக்கு எதிர் நாற்காலியில் கார்ல்சன் எப்படி வந்து உட்கார்ந்தார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அதே ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் லண்டனில் கேண்டிடேட்ஸ் போட்டி நடந்தது. எட்டுப் பேர், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருடனும் இரண்டு முறை, ஆக மொத்தம் 14 சுற்று. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த இருவருமே தோற்றார்கள். கார்ல்சன் ஸ்விட்லரிடம், கிராம்னிக் இவான்சுக்கிடம். கணக்கு பார்த்தால் இருவருக்கும் 8.5 புள்ளி. சரி, நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்று பார்த்தால் இரண்டு ஆட்டமும் டிரா. விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். அடுத்த விதி: யார் அதிக ஆட்டங்களில் ஜெயித்தாரோ அவர் முதல். கார்ல்சனுக்கு 5 வெற்றி, கிராம்னிக்குக்கு 4. அவ்வளவுதான். கார்ல்சன் சென்னைக்கு விமானம் ஏறினார், கிராம்னிக் வீட்டுக்குப் போனார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? அதிகம் ஜெயித்தவன் பெரியவன். இதில் என்ன குறை?

குறை இதுதான். இருவரும் ஆடியது 14 ஆட்டம், இருவரும் எடுத்தது 8.5 புள்ளி. அப்படியென்றால் ஒருவர் ஒரு வெற்றி அதிகம் பெற்றிருந்தால், அவர் ஒரு தோல்வியும் அதிகம் பெற்றே இருக்கவேண்டும். வேறு வழியே இல்லை. கார்ல்சன் 5 வெற்றி, 2 தோல்வி, 7 டிரா. கிராம்னிக் 4 வெற்றி, 1 தோல்வி, 9 டிரா. "யார் அதிகம் ஜெயித்தார்" என்ற கேள்வியும் "யார் அதிகம் தோற்றார்" என்ற கேள்வியும் இங்கே ஒரே கேள்விதான். விடையும் ஒன்றுதான். விதிப்புத்தகத்தில் அந்த ஒரு வரியை "யார் குறைவாகத் தோற்றாரோ அவர் முதல்" என்று எழுதியிருந்தால் சென்னைக்கு வந்திருக்கவேண்டியவர் கிராம்னிக்!

ஒரே கணக்கு நோட்டு. வரவுப் பக்கத்தைப் பார்த்தால் ஒருவர் பெரியவர், செலவுப் பக்கத்தைப் பார்த்தால் இன்னொருவர் பெரியவர். மீதி இருவருக்கும் ஒன்று. ஒரு மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இந்த நோட்டைக் காட்டி "இவர்களில் யார் பணக்காரர்?" என்று கேட்டால் சிரிப்பார். உலக செஸ் அமைப்பு சிரிக்கவில்லை. விடை சொன்னது.

கார்ல்சனின் திறமையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அப்போதே உலகத் தரவரிசையில் முதலிடம் அவருக்குத்தான், அதன் பிறகு அவர் செய்ததெல்லாம் ஊரறியும். பேச்சு அந்த விதியைப் பற்றி. சமம் என்று வந்த கணக்கைச் சமம் என்று ஒப்புக்கொள்ளாமல், நோட்டின் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு "இதோ முதல்வன்" என்று அறிவிக்கிற பழக்கத்தைப் பற்றி. இந்தப் பழக்கத்துக்குக் 'கணிதம்' என்று வேறு பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

வரவு மட்டும் எண்ணும் வியாதி

இது செஸ்ஸுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல.

1994 உலகக்கோப்பைக் கால்பந்து, ஈ பிரிவு. மெக்சிகோ, அயர்லாந்து, இத்தாலி, நார்வே. அயர்லாந்து இத்தாலியை ஜெயித்தது. இத்தாலி நார்வேயை ஜெயித்தது. நார்வே மெக்சிகோவை ஜெயித்தது. மெக்சிகோ அயர்லாந்தை ஜெயித்தது. மீதி இரண்டு ஆட்டம் டிரா. பாம்பு தன் வாலைத் தானே கவ்விக்கொண்ட கதை. நான்கு அணிக்கும் 4 புள்ளி, நான்குக்கும் கோல் வித்தியாசம் பூஜ்யம். இதைவிடச் சமமான ஒரு பிரிவைக் கனவில்கூடப் பார்க்கமுடியாது. ஆனாலும் ஒரு அணியை வெளியே அனுப்பவேண்டும். அடுத்த விதி: யார் அதிக கோல் போட்டார்கள்? மெக்சிகோ 3, அயர்லாந்து 2, இத்தாலி 2, நார்வே 1. நார்வே வெளியே. இத்தாலி மூன்றாவதாக ஒட்டிக்கொண்டு உள்ளே போய், கடைசியில் இறுதி ஆட்டம் வரைக்கும் போனது.

மறுபடியும் அதே கதைதான். கோல் வித்தியாசம் பூஜ்யம் என்றால் போட்ட கோலும் வாங்கிய கோலும் ஒன்று. மெக்சிகோ 3 போட்டு 3 வாங்கியது. நார்வே 1 போட்டு 1 வாங்கியது. "அதிகம் போட்டவன்" என்றால் "அதிகம் வாங்கியவன்" என்றே அர்த்தம். நார்வேயின் தற்காப்பைப் போல அந்தப் பிரிவில் வேறு எந்த அணிக்கும் அமையவில்லை. அதற்குப் பரிசு, வீட்டுக்குப் போகும் டிக்கெட்.

2019 ஜூலை 14, லார்ட்ஸ். கிரிக்கெட் உலகக்கோப்பை இறுதி ஆட்டம். நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரில் 15, 15. அடுத்து என்ன? பவுண்டரி எண்ணிக்கை! இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. கோப்பை இங்கிலாந்துக்கு. ரன் இரண்டு பக்கமும் ஒன்று என்றால், பவுண்டரியில் அதிகம் எடுத்தவன் ஓடி எடுத்தது குறைவு என்றுதானே பொருள்? ஓடி எடுத்த ஒரு ரன், அடித்து எடுத்த ஒரு ரன்னைவிட மட்டமா? யார் சொன்னது? எந்தக் கணக்கு சொன்னது? உலகமே சிரித்த பிறகு அதே ஆண்டு அக்டோபரில் ஐசிசி அந்த விதியைத் தூக்கிப்போட்டது. ஒருவர் ஜெயிக்கும்வரை சூப்பர் ஓவர் ஆடுவது என்று மாற்றியது.

இன்னும் மோசம் 2018. ஜப்பானும் செனகலும் புள்ளியில் சமம், கோல் வித்தியாசத்தில் சமம், போட்ட கோலில் சமம், தங்களுக்குள் ஆடியது 2-2 டிரா. கடைசியில் மஞ்சள் அட்டையை எண்ணினார்கள். ஜப்பானுக்கு 4, செனகலுக்கு 6. செனகல் வெளியே. போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்த ஜப்பான், இந்தக் கணக்கு தெரிந்து, கடைசிச் சில நிமிடங்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஜப்பானைக் குறைசொல்லி என்ன பயன்? விதி எப்படியோ ஆட்டம் அப்படி.

சோனபார்ன்-பெர்கர்: ஒரு கேரம் கதை

"இதெல்லாம் மேலோட்டமான விதிகள். செஸ்ஸில் இன்னும் ஆழமான முறை இருக்கிறதே, எதிராளியின் பலத்தைக் கணக்கில் எடுக்கிற முறை?" என்று கேட்பார்கள். இருக்கிறது. சோனபார்ன்-பெர்கர் முறை. நீங்கள் யாரையெல்லாம் ஜெயித்தீர்களோ அவர்களுடைய புள்ளிகளை முழுதாகக் கூட்டவேண்டும், யாருடன் டிராவோ அவர்களுடைய புள்ளியில் பாதியைக் கூட்டவேண்டும். வலுவான ஆளை ஜெயித்தால் அதிகம், சோதாவை ஜெயித்தால் குறைவு. (இதை 1882-இல் முன்வைத்தவர் நாய்ஸ்டாட்டில் என்பவர். சோனபார்னும் பெர்கரும் அதில் குறை கண்டு ஒரு திருத்தம் சொன்னவர்கள். காலப்போக்கில் அவர்களுடைய திருத்தத்தைக் கழற்றிவிட்டு, பெயரை மட்டும் பழைய முறைக்கே ஒட்டிவிட்டார்கள். குறை சொன்னவர் பெயரையே குறைக்கு வைப்பது என்ன ரகம் பாருங்கள்!)

ஒரு சின்ன உதாரணம். அன்பு, பாலு, சேகர், தினேஷ் என்று நான்கு பேர் கேரம் ஆடுகிறார்கள். எல்லோரும் எல்லோருடனும் ஒரு ஆட்டம். அன்பு, பாலுவையும் சேகரையும் ஜெயித்தான். பாலு, சேகரையும் தினேஷையும் ஜெயித்தான். சேகர், தினேஷை ஜெயித்தான். தினேஷ், அன்பை ஜெயித்தான். ஆக அன்பு 2, பாலு 2, சேகர் 1, தினேஷ் 1.

சோனபார்ன்-பெர்கர் போட்டுப் பாருங்கள். அன்புக்கு 2+1 = 3. பாலுவுக்கு 1+1 = 2. சேகருக்கு 1. தினேஷுக்கு 2. வரிசை: அன்பு, பாலு, தினேஷ், சேகர்.

முதல் வேடிக்கை. சேகரும் தினேஷும் புள்ளியில் சமம். நேருக்கு நேர் ஜெயித்தது சேகர். ஆனால் சோனபார்ன்-பெர்கர் தினேஷை மேலே வைக்கிறது. இரண்டு டை-பிரேக்கும் புழக்கத்தில் உள்ளவை, இரண்டும் நியாயமாகத் தோன்றுபவை, விடையோ நேர் எதிர். எதை முதலில் வைப்பது என்பதைக் கணிதம் சொல்லாது. போட்டி நடத்துபவர் தட்டச்சு செய்யும்போது எந்த வரியை மேலே அடித்தாரோ அதுதான் சொல்லும்.

இரண்டாவது வேடிக்கை. அன்புக்கு ஏன் 3 வந்தது? அவன் ஜெயித்தது வலுவான பாலுவை. சரி, அவன் தோற்றது யாரிடம்? 1 புள்ளி வாங்கிய தினேஷிடம். பாலு தோற்றதோ முதலிடத்தில் உள்ள அன்பிடம் மட்டும். அதாவது அன்பு பெரிய ஆளை ஜெயித்துச் சின்ன ஆளிடம் தோற்றான். பாலு சின்ன ஆட்களையெல்லாம் ஜெயித்துப் பெரிய ஆளிடம் தோற்றான். இது தற்செயல் அல்ல. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் போட்டியில் சமப்புள்ளி வாங்கிய இருவரின் எதிராளிகளுடைய மொத்தப் புள்ளியும் ஒன்றாகத்தான் இருக்கும் (இங்கே இருவருக்கும் 4). ஜெயித்த பக்கத்தில் ஒருவனுக்குக் கனமான ஆட்கள் என்றால் தோற்ற பக்கத்தில் அவனுக்கு லேசான ஆட்கள் என்றே ஆகும். மறுபடியும் அதே கணக்கு நோட்டு, அதே கையால் மறைத்த செலவுப் பக்கம். கொஞ்சம் பெருக்கல் சேர்ந்துவிட்டதால் யாருக்கும் தெரிவதில்லை.

மூன்றாவது வேடிக்கைதான் ஆபத்தானது. சேகரும் தினேஷும் ஆடிய ஆட்டத்தில் தினேஷ் ஜெயித்திருந்தால்? சேகர் 0, தினேஷ் 2. இப்போது அன்புக்கு 2+0 = 2, பாலுவுக்கு 0+2 = 2. பாலுவைவிட அன்பு பெற்றிருந்த மேன்மை காணாமல் போய்விட்டது. (தினேஷும் 2 புள்ளியோடு வந்து சேர்ந்துகொள்கிறான், அது வேறு.) அன்பும் பாலுவும் அந்த ஆட்டத்தில் ஒரு காயைக்கூடத் தொடவில்லை. அவர்களில் யார் மேல் என்பதை, வேறு இருவர் ஆடிய ஆட்டம் தீர்மானிக்கிறது. இதில் நட்பு, பகை, பேரம் எல்லாம் நுழைய எவ்வளவு பெரிய கதவு திறந்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

கணிதம் உண்மையில் என்ன சொல்கிறது?

நல்ல கேள்வி. ஏனென்றால் கணித மேதைகள் இதைப் பற்றி நூறு ஆண்டுக்கும் மேலாக யோசித்திருக்கிறார்கள். போட்டி நடத்துபவர்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1895-இல் எட்மண்ட் லாண்டாவ் என்ற 18 வயது ஜெர்மானிய மாணவர் (பிற்காலத்தில் எண் கோட்பாட்டில் பெரும்புள்ளி) ஒரு செஸ் பத்திரிகையில் இதே விஷயத்தை எழுதினார். எதிராளியின் புள்ளியைக் கொண்டு என் வெற்றியை எடைபோடுவது சரி என்றால், அந்த எதிராளியின் புள்ளியையும் அவனுடைய எதிராளிகளைக் கொண்டு எடைபோடவேண்டாமா? ஒரு படியோடு ஏன் நிற்கவேண்டும்? 1950களில் வெய், கெண்டல் ஆகியோர் இந்த வழியிலேயே போய் ஒரு முறையை உருவாக்கினார்கள். கூகுள் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தத் தொடங்கியதும் இதற்குச் சொந்தக்கார யோசனைதான்.

நம் கேரம் பையன்களுக்கு அதைப் போட்டால் என்ன ஆகிறது? அன்பு, பாலு, சேகர், தினேஷ் என்ற வரிசையில் முதல் படி 2, 2, 1, 1. இரண்டாம் படி 3, 2, 1, 2. மூன்றாம் படி 3, 3, 2, 3. நான்காம் படி 5, 5, 3, 3. ஐந்தாம் படி 8, 6, 3, 5. பார்த்தீர்களா? இரண்டில் நின்றால் அன்பு மட்டும் முதல். மூன்றில் நின்றால் மூன்று பேர் முதல். நான்கில் நின்றால் பழையபடி அன்பும் பாலுவும் சமம். ஐந்தில் மறுபடி அன்பு. முடிவில்லாமல் போனால் அன்பு, பாலு, தினேஷ், சேகர் என்று ஒரு வரிசையில் போய் அமைகிறது என்பது உண்மைதான். ஆனால் சோனபார்ன்-பெர்கர் இரண்டாம் படியிலேயே இறங்கிக்கொள்கிறது. ஏன் அங்கே? ஏனென்றால் அந்தக் காலத்தில் பென்சிலும் தாளும்தான் இருந்தது. கைக்கு எட்டிய கணக்கு அவ்வளவுதான். வேறு காரணம் கிடையாது.

அடுத்து 1929. கணக் கோட்பாட்டில் புகழ்பெற்ற ஸெர்மெலோ இன்னொரு வழியில் போனார். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒரு பலம் உண்டு என்று வைத்துக்கொள். இருவர் மோதும்போது ஒருவன் ஜெயிக்கும் வாய்ப்பு அந்தப் பலங்களின் விகிதம். நடந்து முடிந்த முடிவுகள் எந்தப் பலங்களுக்கு மிகப் பொருத்தமாக அமையும் என்று கண்டுபிடி. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 1924 நியூயார்க் போட்டி, லாஸ்கர் 20 ஆட்டத்தில் 16 புள்ளி எடுத்து கபபிளாங்காவையும் அலெகைனையும் பின்னுக்குத் தள்ளிய அதே போட்டி. 1952-இல் பிராட்லி, டெர்ரி என்ற இருவர் இதே முறையைத் தனியாகக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு எங்கெங்கோ பயன்படுகிறது.

இந்த முறையில் ஓர் அழகான முடிவு உண்டு. எல்லோரும் எல்லோருடனும் சம எண்ணிக்கையில் ஆடிய போட்டியாக இருந்தால், ஸெர்மெலோ கணக்கிட்ட பலத்தின் வரிசையும் சாதாரணப் புள்ளி வரிசையும் அச்சு அசலாக ஒன்றே. புள்ளியில் சமமான இருவர் பலத்திலும் சமம். யாரை ஜெயித்தான், யாரிடம் தோற்றான் என்பது ஒரு நூலளவுகூட மாற்றாது. நூற்றாண்டின் பெரும் மூளை ஒன்று, எதிராளியின் பலத்தை முறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டே சொன்ன தீர்ப்பு இது: சமம் என்றால் சமம்தான்.

1980-இல் பொருளியல் அறிஞர் ஏரியல் ரூபின்ஸ்டைன் வேறொரு பக்கத்திலிருந்து ஆணி அடித்தார். டிரா இல்லாத, எல்லோரும் எல்லோருடனும் ஆடும் போட்டியில் ஒரு வரிசைமுறைக்கு மூன்றே நிபந்தனை வைப்போம். ஆள் பெயர் பார்க்கக்கூடாது. சமமாக இருக்கும் ஒருவன் தோல்வி ஒன்றை வெற்றியாக மாற்றினால் அவன் மேலே போகவேண்டும். இருவரில் யார் மேல் என்பது, அந்த இருவரும் ஆடாத ஆட்டங்களைப் பொறுத்து இருக்கக்கூடாது. இந்த மூன்றுக்கும் உட்படும் முறை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். வெற்றிகளை எண்ணுவது! வேறு எந்த முறையைக் கொண்டுவந்தாலும் மூன்றில் ஒன்று உடையும். சோனபார்ன்-பெர்கர் மூன்றாவதை எப்படி உடைக்கிறது என்பதைத்தான் சேகரும் தினேஷும் காட்டினார்கள்.

ஆக, டை-பிரேக்குக்குக் கணிதத்தைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். சாட்சி கூண்டில் ஏறி எதிர்க்கட்சிக்குச் சாதகமாகப் பேசிவிட்டுப் போகிறது.

சில எதிர்வாதங்கள்

"விதியை முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தானே ஆடுகிறார்கள், பிறகென்ன?" உண்மை. கிராம்னிக்குக்கும் விதி தெரியும். ஏமாற்று வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முன்கூட்டியே அறிவிப்பதால் ஒரு விதி நேர்மையாகலாம், அர்த்தமுள்ளதாகிவிடாது. 'பெயர் அகரவரிசையில் முன்னால் வருபவர் சாம்பியன்' என்றுகூட முன்கூட்டியே அறிவிக்கலாம்.

"யாராவது ஒருவர் கோப்பையைத் தூக்கவேண்டுமே?" ஏன் தூக்கவேண்டும்? 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் டாம்பெரியும் 2.37 மீட்டரில் சமமாக நின்றார்கள். மேலும் தாண்டாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. அந்த ஒலிம்பிக்கில் மக்கள் மறக்காத காட்சிகளில் ஒன்றாக அது ஆனது. 2002-இல் கொழும்பில் மழை விடாமல் பெய்தபோது சாம்பியன்ஸ் டிராஃபியை இந்தியாவும் இலங்கையும் பகிர்ந்துகொண்டன. அதனால் கிரிக்கெட் அழிந்துபோய்விட்டதா?

"பகிர முடியாத இடங்களும் உண்டே. உலக சாம்பியனோடு மோத ஒருவர்தான் போகமுடியும்." சரியான வாதம். அங்கே மறுபடி ஆடவிடுங்கள். 2025 பிப்ரவரியில் டாடா ஸ்டீல் போட்டியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் 13 சுற்றில் 8.5 என்று சமமாக வந்தார்கள். இருவரும் சென்னைப் பையன்கள், இருவரும் கடைசிச் சுற்றில் தோற்றவர்கள். லண்டன் 2013-ஐ அப்படியே நகல் எடுத்தது போல! ஆனால் இங்கே யாரும் வெற்றியை எண்ணவில்லை. அன்றே இருவரும் மின்னல் வேக ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள், பிரக்ஞானந்தா ஜெயித்தார். மின்னல் வேக ஆட்டமும் நீண்ட ஆட்டமும் ஒன்றல்ல என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் குகேஷ் தோற்றது பிரக்ஞானந்தாவிடம், பலகைக்கு முன்னால், தன் கையால் காய் நகர்த்தி. நாலு மேசை தள்ளி ஆடிய யாரோ இருவரால் அல்ல, விதிப்புத்தகத்தின் வரிசை எண்ணால் அல்ல. உலக அமைப்புக்கும் இது புரிந்துவிட்டது போலிருக்கிறது. குகேஷ் 9 புள்ளியோடு ஜெயித்த 2024 டொரண்டோ கேண்டிடேட்ஸில், முதலிடம் சமமாக வந்தால் விரைவு ஆட்டம் என்றுதான் விதி இருந்தது.

"மறுபடி ஆட நேரமும் இல்லை, பணமும் இல்லை என்றால்?" நாணயம் சுண்டுங்கள். சிரிக்கவேண்டாம். 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோல் இல்லாமல் சமமாக முடித்தபோது நாணயம் சுண்டித்தான் இத்தாலி இறுதிக்குப் போய், கோப்பையையும் வாங்கியது. நாணயத்துக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு. அது பொய் சொல்லாது. தோற்றவனைப் பார்த்து "நீ மட்டம்" என்று சொல்லாது. "இருவரும் சமம், இடம் ஒன்றுதான், அதிர்ஷ்டம் அவன் பக்கம்" என்று மட்டும் சொல்லும். டை-பிரேக்கும் அதே சீட்டுக் குலுக்கல்தான், தசமப் புள்ளியை ஒட்டவைத்துக்கொண்டு வருகிறது, அவ்வளவே.

"சுவிஸ் முறையில் என்ன செய்வது?" இதுதான் இருப்பதிலேயே கனமான எதிர்வாதம். நூற்றுக்கணக்கானோர் கலந்துகொள்ளும் போட்டியில் எல்லோரும் எல்லோருடனும் ஆடமுடியாது. ஒருவனுக்குக் கடினமான எதிராளிகள் அமைவார்கள், இன்னொருவனுக்கு எளிதானவர்கள். அங்கே சமப்புள்ளி என்பது சம பலம் ஆகாது. ஸெர்மெலோ முறையே அங்கே வித்தியாசம் காட்டும். எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டும் புக்ஹோல்ஸ் முறைக்கு அங்கே ஓரளவு நியாயம் உண்டு, ஒப்புக்கொள்ளவேண்டியதுதான்.

ஆனால் ஓரளவுதான். 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் ஒலிம்பியாடின் ஓபன் பிரிவில் உஸ்பெகிஸ்தானும் அர்மீனியாவும் 11 சுற்றில் 19 புள்ளி என்று சமமாக முடித்தன. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, டை-பிரேக்கில். அந்த இளைஞர்கள் ஆடிய ஆட்டத்துக்குத் தங்கம் தகும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒலிம்பியாடின் டை-பிரேக், முன்பு ஆடிய எதிரணிகள் போட்டி முடியும்போது எத்தனை புள்ளியில் நிற்கின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்படுவது. கடைசி நாளில் எங்கோ நடு மேசைகளில் ஆடிக்கொண்டிருக்கும் அணிகளின் வெற்றி தோல்வி, தங்கமா வெள்ளியா என்பதற்குள் கை நுழைக்கிறது. நாலு பலகை, ஒரு மாலை, விரைவு ஆட்டம். அவ்வளவு செய்ய முடியாதா உலகின் மிகப் பெரிய செஸ் திருவிழாவுக்கு?

பெரியவர்களாவது பரவாயில்லை. மாவட்டப் போட்டிக்கு வரும் பத்து வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். மாநிலப் போட்டிக்கு நான்கு பேர். நான்காவது இடத்தில் மூன்று பிள்ளைகள் ஒரே புள்ளியில். சுவரில் ஒட்டிய தாளில் 'புக்ஹோல்ஸ்' என்று ஒரு எண். அரைப் புள்ளி குறைவு. ஏன் என்று பார்த்தால், முதல் சுற்றில் தான் ஜெயித்த பையன் அதற்குப் பிறகு வரிசையாகத் தோற்றுவிட்டான். அவன் தோற்றதற்கு இந்தப் பிள்ளை என்ன செய்யமுடியும்? முதல் சுற்றில் யாரோடு ஆடுவது என்பதைப் பிள்ளையா தேர்ந்தெடுத்தது? வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் "நீ அஞ்சாவதுதான்" என்ற எண்ணம் மட்டும் கூடவே வரும். அது பொய். அந்தப் பிள்ளை ஐந்தாவது அல்ல. நான்காவதுக்குச் சமம்.

செய்யவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பட்டம் சமமானால் மறுபடி ஆடவேண்டும், அல்லது பகிரவேண்டும். பரிசுப் பணம் சமமானால் சமமாகப் பிரிக்கவேண்டும். தேர்வுக்கு ஒரே இடம் இருந்தால் இரண்டு பிள்ளைகளையும் பத்து நிமிட ஆட்டத்துக்கு உட்காரவைக்கவேண்டும், அதற்கும் வழியில்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் சீட்டுப் போடவேண்டும். புக்ஹோல்ஸை விடமுடியாது என்றால், பட்டியலில் '4, 5, 6' என்று எழுதாமல் மூவருக்கும் '4' என்றே எழுதி, "இடம் இந்த விதிப்படி ஒதுக்கப்பட்டது" என்று கீழே ஒரு வரி சேர்க்கவேண்டும். மை செலவு அதிகமாகாது.

முடிவு சொல்லத் தெரியாத இடத்தில் கணிதம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி முடிவு சொல்பவர்கள்தான் மூடுவதில்லை.